மீண்டும் தலையில் கூடை ஏறுமா?
புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் தொழிலுக்குத் திரும்புதல்

நீங்கள் கிள்ளைக்குப் போயிருக்கிறீர்களா? சிதம்பரத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் சாலையில், பிச்சாவரம் சதுப்புநிலக் காடுகளுக்கு அருகில் உள்ள ஊர் அது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கின்றன. இடைப்பட்ட நிலமெங்கும் உப்பங்கழிகளும் ஓடைகளும் பின்னிக் கிடக்கின்றன. விடியற்காலையில் முடசல்ஓடை இறங்குதளத்தில் படகுகள் வந்து சேரும்போது, அங்கே எத்தனை விதமான வேலைகள் நடக்கின்றன என்று சற்று நின்று பாருங்கள். ஒருவர் ஏலம் கூறுகிறார். ஒருவர் ஐஸ் உடைக்கிறார். ஒருவர் கிழிந்த வலையைப் பொத்துகிறார். பெண்கள் மீனை ஏலத்தில் எடுத்து, தலையில் சும்மாடு வைத்து, கூடையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்கக் கிளம்புகிறார்கள். உட்புறத்து ஓடைகளில் இருளர் மக்கள் நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வது அவர்கள் வழக்கம்.

இந்தப் பெண்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்துவிட்டது என்று ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. இடது மார்பகத்தையும் அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் அறுவை மருத்துவர் அகற்றிவிட்டார். பிறகு மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். கடைசி நாளன்று அவர் மருத்துவரிடம் கேட்கிறார்: “ஐயா, நான் வேலைக்குப் போகலாமா?” மருத்துவர் சொல்கிறார்: “தாராளமாகப் போகலாம் அம்மா. கனமாக மட்டும் எதையும் தூக்க வேண்டாம்.”

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அவருக்கு ஒரே குழப்பம். கனம் என்றால் எவ்வளவு? மருத்துவர் மனத்தில் இருந்தது ஒரு தண்ணீர்க் குடமாக இருக்கலாம். இவர் நாள்தோறும் சுமந்தது இருபது கிலோ மீன். அதைத் தூக்கக் கூடாதென்றால் வேலைக்குப் போகலாம் என்பதற்குப் பொருளே இல்லை. தூக்கலாமென்றால் கை என்ன ஆகும்? மருத்துவருக்கு உடலைத் தெரியும், கூடையைத் தெரியாது. இவருக்குக் கூடையைத் தெரியும். சிகிச்சை உடலில் என்ன செய்திருக்கிறது என்பது தெரியாது. இந்த இரண்டு அறிவும் சந்திக்காத இடத்தில்தான் பலருடைய பிழைப்பு நின்றுபோகிறது. அவற்றைச் சந்திக்க வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியே புதியது

சிகிச்சைக்குப் பின் வேலை என்ற பேச்சே ஒரு காலத்தில் எழவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923ஆம் ஆண்டு தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த முயற்சிதான் 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. அந்நாளில் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வந்தார்கள். உயிர் பிழைப்பதே பெரும் பேறாக இருந்தது. 1955இல் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை, இந்த நோய் குணமாகக்கூடியது என்பதை மக்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்று தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட பல புற்றுநோய்கள் குணமாகின்றன. நாற்பது, ஐம்பது வயதில் நோயிலிருந்து மீண்டவருக்கு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் வாழ்வு இருக்கிறது. ஆனால் எல்லோரும் உழைப்புக்குத் திரும்புவதில்லை. பல நாடுகளில் செய்யப்பட்ட 36 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009இல் வெளியான ஒரு கணக்கு இதைக் காட்டுகிறது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேருக்கு வேலை இல்லை. அந்த நோய் வராதவர்களில் அது 15 பேர்தான். அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில், மருத்துவ விடுப்பும் காப்பீடும் உள்ளவர்களிடையே கண்ட நிலை இது. அன்றன்று சம்பாதித்து அன்றன்று உலை வைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது என்று சொல்லத் தேவையில்லை.

ஓய்வால் தீராத களைப்பு

சிகிச்சைக்குப் பின் பெரும்பாலோர் கூறும் முதல் குறை களைப்பு. இது வயலில் நாள் முழுதும் நாற்று நட்டபின் வரும் களைப்பைப் போன்றதன்று. அந்தக் களைப்பு ஓர் இரவு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும்.

காரணத்தின் ஒரு பகுதியை இரத்தத்தில் காணலாம். புற்றுநோய் மருந்துகளில் பல, வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்றணுக்கள் அப்படிப்பட்டவை. ஆனால் எலும்பு மச்சையில் இரத்த அணுக்களை உண்டாக்கும் உயிரணுக்களும், முடியின் வேரில் உள்ளவையும், வாய், குடல் ஆகியவற்றின் உட்பரப்பில் உள்ளவையும் வேகமாகப் பெருகுபவையே. ஆகவே அவையும் அடிபடுகின்றன. முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் இதனால்தான். இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வது. அதன் உற்பத்தி குறையும்போது இரத்தசோகை மெல்ல மெல்ல ஏறி, மெல்லவே இறங்கும். சிகிச்சை முடிந்த மறுநாளே பழைய பலம் வந்துவிடாததற்கு இது ஒரு காரணம். சோகை சரியான பிறகும் சிலருக்குக் களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கிறது.

இதற்கு மருந்து என்ன? “நன்றாகப் படுத்து ஓய்வெடு” என்பதே வீட்டாரின் அன்பான அறிவுரை. ஆய்வுகள் இதற்கு மாறாகச் சொல்கின்றன. அளவான உடற்பயிற்சி களைப்பைக் குறைக்கிறது. பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2019இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வாரத்தில் மூன்று முறை, முறைக்கு 30 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடப்பது போன்ற பயிற்சியை மூன்று மாதம் செய்தால் பலன் தெரியும். உழைத்துப் பழகிய உடலுக்கு, அளந்து கொடுத்த வேலையே ஒரு பயிற்சி ஆகலாம். இங்கே முக்கியமான சொல் “அளந்து” என்பது. இன்று தெம்பாக இருக்கிறதே என்று விட்டதையெல்லாம் ஒரே நாளில் செய்து, அடுத்த மூன்று நாள் படுக்கையில் விழுவது பலரும் செய்யும் தவறு. நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள் என்று தொடங்கி, தாங்கும் அளவறிந்து கூட்டிக்கொண்டு போவதே சரியான வழி.

சிகிச்சை நடக்கும்போதே வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் சிலருக்கு உண்டு. அவர்கள் வெள்ளணுக்களின் கணக்கை அறிந்திருக்க வேண்டும். நோய்க்கிருமிகளோடு போரிடும் வெள்ளணுக்களில் முக்கியமான ஒருவகை சில நாள்களே வாழ்கிறது. எனவே மருந்து ஏற்றியபின் பொதுவாக 7 முதல் 14 நாளுக்குள் அவற்றின் எண்ணிக்கை மிகத் தாழ்ந்து, மூன்றாம் வார முடிவில் மீண்டும் ஏறும். பல மருந்துகளை 21 நாளுக்கு ஒருமுறை கொடுப்பதற்குக் காரணம் இதுவே. நெரிசலான சந்தை, சேறு, மீன் முள் குத்தும் வேலை ஆகியவற்றை அந்த இடைப்பட்ட நாள்களில் தவிர்த்து, மூன்றாம் வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிணநீரும் துடுப்பும்

இனி நம் மீன்காரப் பெண்மணியின் கைக்கு வருவோம். இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களிடையே தேங்கும் நீரைத் திரட்டி, மீண்டும் இரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மெல்லிய குழாய்கள் நம் உடலெங்கும் உள்ளன. அவற்றில் ஓடுவது நிணநீர். வழியில் ஆங்காங்கே இருக்கும் நிணநீர் முடிச்சுகள், ஆற்றின் குறுக்கே வைத்த சல்லடைபோல் கிருமிகளைப் பிடித்து அழிக்கின்றன. கையிலிருந்து வரும் நிணநீரில் பெரும்பகுதி அக்குள் வழியாகத்தான் போக வேண்டும். மார்பகப் புற்றணுக்கள் பரவும்போது முதலில் சென்று தங்கும் இடமும் அதுவே. எனவே அந்த முடிச்சுகளை அகற்ற நேர்கிறது. வடிகால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குவதுபோல், சிலருக்குக் கையில் நிணநீர் தேங்கி வீங்குகிறது. அறுவை முடிந்து சில மாதங்களிலும் வரலாம். சில ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

எத்தனை பேருக்கு வருகிறது? 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, அக்குள் முடிச்சுகளை முழுதும் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேருக்கு வீக்கம் வந்திருந்தது. முதலில் நிணநீர் சேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் புதிய முறையில் அது ஐந்தாறு பேராகக் குறைந்தது. ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை நடந்திருந்தால், எந்த முறை, எத்தனை முடிச்சுகள் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலையைத் திட்டமிட அது உதவும்.

வீக்கத்துக்கு அஞ்சி, அந்தக் கையால் எதையும் தூக்காதே, அழுத்தி வேலை செய்யாதே என்றுதான் மருத்துவர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அந்த அறிவுரைக்குச் சோதனைச் சான்று அதிகம் இல்லை. 1996இல் கனடா நாட்டின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். அவர் தேர்ந்தெடுத்த கருவி என்ன தெரியுமா? படகுத் துடுப்பு! மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைச் சேர்த்து, பலர் ஒன்றாக அமர்ந்து வலிக்கும் நீண்ட சீனப் படகில் துடுப்புப் போடப் பழக்கினார். முதலில் உடலைத் தயார்ப்படுத்தும் பயிற்சி. பிறகு சிறிது சிறிதாகத் துடுப்பு. அந்தப் பருவ முடிவில் ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. இன்று பல நாடுகளில் இத்தகைய பெண்களின் படகுக் குழுக்கள் இருக்கின்றன.

24 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பெரிய விடை 2009இல் வந்தது. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்பவரும் அவர் குழுவினரும், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். மிகச் சிறிய எடையில் தொடங்கி, தொல்லை ஏதும் தோன்றாவிட்டால் மட்டும் மிகச் சிறிதளவு கூட்டினார்கள். வீங்கிய கைக்கு இறுக்கமான உறை அணிந்திருந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, எடை தூக்கியவர்களின் வீக்கம் மற்றப் பிரிவினரைவிட அதிகமாகவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது அவர்களிடம் குறைவாகவே இருந்தது.

இதன் காரணம் வியப்பானதன்று. இரத்தத்தைத் தள்ள இதயம் இருப்பதுபோல் நிணநீரைத் தள்ளத் தனி உறுப்பு நமக்கு இல்லை. நிணநீர்க் குழாய்களின் சுவர்கள் சுருங்குவதும், சுற்றியுள்ள தசைகள் சுருங்கி விரிவதுமே அதை மேலேற்றுகின்றன. முடங்கிய கையில் நீர் தேங்குகிறது. அளவோடு உழைக்கும் கையில் நகர்கிறது. பல மாதம் முடங்கிக் கிடந்த கை திடீரென்று ஒரு நாள் இருபது கிலோவைத் தூக்கும்போதுதான் ஆபத்து.

எனவே நம் பெண்மணி கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை கிலோவில் தொடங்குவது, எவ்வாறு கூட்டுவது என்பதே. முதலில் தோளை எல்லாப் பக்கமும் அசைக்கும் பயிற்சி. பிறகு மருத்துவர் அல்லது இயன்முறைச் சிகிச்சையாளர் சொல்லும் சிறிய எடை. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே இடங்களில், தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவால் இரு கைகளையும் அளந்து எழுதி வைப்பது. கை பாரமாகத் தோன்றினாலும், வளையல் இறுகினாலும், அளவு கூடினாலும் எடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுவது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. முடிச்சுகள் குறைந்த கையில் கிருமிகளுக்குக் காவலும் குறைவு. இறாலின் கொம்பு, நண்டின் கொடுக்கு, கெளுத்தியின் முள் இவற்றால் ஏற்படும் சிறு காயம்கூட அக்கையைச் சிவக்கச் செய்து காய்ச்சலைக் கொண்டுவரலாம். வெதுவெதுப்பான உப்பங்கழி நீரில் வாழும் விப்ரியோ இனக் கிருமிகள் சில, எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குக் காயத்தின் வழியே கடும் நோயைத் தரக்கூடியவை. தடித்த ரப்பர் கையுறை, காயம் பட்டவுடன் நல்ல தண்ணீரும் சோப்பும், சிவப்பு பரவினால் அன்றே மருத்துவமனை: இம்மூன்றையும் மறக்கக் கூடாது. காயம் உள்ள கையை ஓடை நீரில் விட்டுத் துழாவுவது அறவே ஆகாது.

வாய், கழுத்து, குரல்

புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய் நம் நாட்டு ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. அதற்கு அறுவை செய்யும்போது கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க நேரிடும். அந்த வழியே தோள்பட்டையின் பெரிய தசைக்குச் செல்லும் ஒரு நரம்பு ஓடுகிறது. ஜார்ஜ் கிரைல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1906இல் விவரித்த முறையில் அந்த நரம்பும் சேர்த்து வெட்டப்பட்டது. இக்காலத்தில் இயன்றவரை அதைக் காப்பாற்றுகிறார்கள். காப்பாற்றினாலும் அது சில மாதம் சோர்ந்திருப்பது உண்டு. அப்போது தோள் தொங்கும்; கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வராது. படகோட்டிக்குத் துடுப்பும், சுமை தூக்குபவருக்குக் கூடையும் அதனால் சிக்கலாகும். தோள் பயிற்சியை உரிய காலத்தில் தொடங்கினால் பெரும்பாலும் முன்னேற்றம் உண்டு.

தாடைப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களில் சிலருக்கு வாய் முழுதும் திறவாது, உமிழ்நீரும் குறையும். பறியைப் பல்லால் கவ்வி இறால் பிடித்தவர் இனி அதைக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ள வேண்டும். ஏலம் கூறுபவர் கையருகே தண்ணீர் வைத்துக்கொண்டு, தொண்டைக்கு ஓய்வு தர இடையிடையே வேறொருவரைக் கூறச் சொல்ல வேண்டும்.

குரல்வளைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையையே அகற்றியவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவர்கள் மூச்சு விடுவது மூக்கால் அன்று. கழுத்தில் அமைத்த ஒரு துளையால். அத்துளை நீரில் மூழ்கினால் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். முகம் நீருக்கு மேலே இருந்தாலும் காப்பாற்றாது. எத்தனை தேர்ந்த நீச்சல்காரராக இருந்தாலும் அவர் கழுத்தளவு நீரில் இறங்கலாகாது. கவிழக்கூடிய சிறு படகில் போகலாகாது. கிள்ளை போன்ற ஊரில் இது உயிரைப் பற்றிய செய்தி. வலை பொத்துதல், மீன் தரம் பிரித்தல், கணக்கு, கரையில் எடை போடுதல் என்று கரையிலேயே அவருக்கு வேலை தேட வேண்டும்.

விரல் நுனியும் ஐஸ் கட்டியும்

சில புற்றுநோய் மருந்துகள் நரம்புகளைத் தாக்குகின்றன. சிஸ்பிளாட்டின், பாக்ளிடாக்சல், வின்கிரிஸ்டின் ஆகியவை அவற்றில் சில. உடலிலேயே மிக நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால், கால் விரலிலும் கை விரலிலும் மரமரப்புத் தொடங்குகிறது. பிளாட்டினம் கலந்த மருந்துகளில், மருந்தை நிறுத்திய பின்னும் சில மாதங்களுக்கு இது அதிகமாகி, அதன் பிறகே குறையத் தொடங்கலாம். சிகிச்சை முடிந்தும் ஏன் கூடுகிறது என்று அஞ்சுபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

வலை பொத்துபவருக்கு விரல் நுனிதான் கண். மரத்த விரலுக்கு நூலின் இழுவை தெரியாது. பெரிய கண்ணி உள்ள வலைகளை முதலில் எடுத்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், கண்ணால் பார்த்துப் பின்னலாம். மரத்த பாதத்தோடு ஈரமான படகுப் பலகையில், அதுவும் இருட்டில், நடப்பது ஆபத்து. வெறுங்காலுடன் சேற்றில் இறங்கினால் சிப்பி கிழித்ததுகூடத் தெரியாமல் போகும். மாலையில் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்துக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. அதை ஏற்றியபின் சில நாள்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை இறுகுவதுபோல் தோன்றும். ஐஸில் கைவைத்து மீன் அள்ளும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல்! அந்த நாள்களில் ஐஸ் வேலையை மற்றொருவரிடம் மாற்றிக்கொள்வதே தீர்வு. இத்தகைய செய்தியை மருத்துவர் தாமாகச் சொல்ல வேண்டுமென்றால், நோயாளி ஐஸில் வேலை செய்பவர் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

வேலையைப் பிரித்துப் பார்ப்போம்

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு முறை நமக்குக் கிடைக்கிறது. “வேலை செய்யலாமா?” என்று மொத்தமாகக் கேட்டால் “ஆம்” அல்லது “இல்லை” என்ற மொத்த விடைதான் வரும். வேலையைச் சிறுசிறு செயல்களாகப் பிரித்துக் கேட்டால் விடைகளும் பிரிந்து வரும்.

ஒரு தாளை எடுத்து, விடியல் முதல் மாலை வரை செய்வதையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரலாம். மாணவ வாசகர்களே, இது உங்கள் பங்கு. நம் பெண்மணியின் தாள் இப்படி இருக்கலாம்: நாலு மணிக்கு எழுந்து இறங்குதளத்துக்கு நடப்பது, ஏலத்தில் கூட்டத்தோடு நிற்பது, மீனை ஐஸோடு கலப்பது, கூடையைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றுவது, இரண்டு மணி நேரம் வெயிலில் சுமந்து நடப்பது, இறக்குவது, மீனை வெட்டித் தருவது, கடன் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது.

இனி ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று கேள்வி: இதை விடலாமா? இதை மாற்றலாமா? இதை ஒருவரோடு பரிமாறிக்கொள்ளலாமா?

இருபது கிலோவில் கைக்குக் கடினமானது சுமந்து நடப்பதைவிடத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றும் அந்த நொடிதான். அதற்கு இருவர் கைகொடுக்கலாம். கூடையை இரண்டாக்கலாம். சக்கரம் வைத்த தள்ளுவண்டி கிடைத்தால் தலைச்சுமையே வேண்டாம். தெருத் தெருவாகப் போவதற்குப் பதில் ஓரிடத்தில் நிழலில் அமர்ந்து விற்கலாம். கதிர்வீச்சுப் பட்ட தோல் வெயிலைத் தாங்காது என்பதால் அதற்கும் இது நல்லது. மீனை வெட்டுவதைக் கையுறையோடு செய்யலாம். ஐஸ் கலப்பதைப் பக்கத்துக் கூடைக்காரர் செய்தால், அவருடைய மீனையும் இவர் உட்கார்ந்து விற்றுக் கொடுக்கலாம். மருந்து ஏற்றியவர்களில் சிலருக்குச் சில மாதம் மறதி இருப்பதுண்டு. கடன் கணக்கு ஒரு நோட்டுக்கு மாறட்டும்.

இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களின் தாளில் வேறொரு வரி முக்கியமாகும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் சிலருக்கு அவசரமாக மலம் கழிக்க நேரிடும். சிலருக்குக் கால் வீங்கும். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்பதே அவர்களுக்கு முதல் கேள்வி. வெட்கத்தால் இதைச் சொல்லாமல், வேலையையே விட்டவர்கள் உண்டு. பள்ளியிலோ அலுவலகத்திலோ கழிப்பறைக்கு அருகில் இருக்கை மாற்றிக் கொடுப்பது பணச் செலவில்லாத உதவி.

இந்தத் தாளை மடித்து அடுத்த முறை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், புதுச்சேரி ஜிப்மர் ஆனாலும், மருத்துவருக்கு நேரம் குறைவு. ஆனால் எட்டு வரி எழுதிய தாளைப் பார்த்து, “இது செய்யலாம், இது மூன்று மாதம் கழித்து, இது வேண்டாம்” என்று குறித்துக் கொடுக்கச் சில நிமிடமே ஆகும். “கனமாகத் தூக்காதே” என்ற ஒற்றை வாக்கியத்தைவிட அது பலமடங்கு பயன் தரும்.

தொற்றுமா?

உடல் தேறியும் சிலருக்குப் பிழைப்பு தேறாமல் போவதற்கு ஊராரின் அச்சமும் ஒரு காரணம். முடி உதிர்ந்த தலையைக் கண்டு அவர் கையால் மீன் வாங்கத் தயங்குவார்கள். புற்றுநோய் தொட்டாலோ, சேர்ந்து உண்டாலோ, ஒரே குடத்து நீர் குடித்தாலோ ஒட்டிக்கொள்ளாது. வெளியிலிருந்து எந்திரத்தால் கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிர் எதுவும் தங்குவதில்லை. விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்காததுபோல. தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் உட்கொள்பவர்களே சில நாள் விலகியிருக்க வேண்டும். அதையும் மருத்துவமனையே சொல்லி அனுப்பும். இதை நாலு பேரிடம் சொல்வது நம் ஒவ்வொருவரின் கடமை.

சட்டம் எதுவரை வரும்?

மாதச் சம்பளக்காரர்களுக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வகுத்த 21 வகைக் குறைபாடுகளில் புற்றுநோய் என்ற பெயர் இல்லை. ஆனால் நோயோ சிகிச்சையோ விட்டுச்சென்ற நிலையான குறைபாடு அதில் அடங்கலாம். குரல்வளை அகற்றப்பட்டதால் வரும் பேச்சுக் குறைபாட்டை அச்சட்டத்தின் அட்டவணை வெளிப்படையாகவே சொல்கிறது. பணிக்காலத்தில் இவ்வாறு குறைபாடு அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்யக் கூடாது. பழைய பணி இயலாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், கூடுதல் பணியிடம் ஒன்றை ஏற்படுத்தியாவது அவரை வைத்துக்கொள்ள வேண்டும்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு, புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்காக, சந்தா முதலிய நிபந்தனைகளை நிறைவு செய்திருந்தால், ஊதியத்தில் 80 சதவீதம் வரை நீட்டித்த நோய்க்கால உதவியாக இரண்டாண்டு வரை கிடைக்கும். கடலூர் சிப்காட் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் தம் காப்பீட்டு அட்டையை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கிள்ளை இறங்குதளத்துப் பெண்களுக்கோ வருகைப் பதிவேடு இல்லை, முதலாளி இல்லை, ஆகவே இச்சலுகைகளும் எட்டவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்குச் சிகிச்சைச் செலவைத் தருகிறது. இழந்த கூலியைத் தருவதில்லை. இந்த இடைவெளியை இன்று நிரப்புபவர்கள் பக்கத்துக் கூடைக்காரர்கள்தான். மகளிர் குழுவின் சேமிப்பிலிருந்து ஒரு தள்ளுவண்டி, இறங்குதளத்தில் ஒரு சுத்தமான கழிப்பறை, நிழலுக்கு ஒரு கூரை, தவணையைச் சில மாதம் தள்ளிவைக்கும் இரக்கம்: இவற்றுக்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. யாருக்கு, எதற்காக இவை வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு விஞ்ஞானம் இருந்தால் போதும்.

நம் பெண்மணி இனி முன்போல் இருபது கிலோ சுமப்பாரா? சுமக்கலாம், சுமக்காமலும் போகலாம். அதை அளவு நாடாவும், வாரங்களும், அவர் உடலும் சொல்லும். முதல் வாரம் அவர் இறங்குதளத்துக்குச் சும்மா நடந்து வந்து, ஏலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். அடுத்த வாரம் ஒரு சிறு கூடை. அதையும் இருவர் ஏற்றிவிடட்டும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது “வேலைக்குப் போகலாமா?” என்று அவர் கேட்க வேண்டியதில்லை. மடித்த தாளை நீட்டி, “ஐயா, நான் செய்யும் வேலை இவ்வளவு. இதில் எது எப்போது?” என்று கேட்டால் போதும்.